புதிர்ப்போட்டியாளராக வளர்வது எப்படி? தமிழ்ப்பள்ளி மேடையிலிருந்து உலகப் போட்டி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் ஒருமுறையாவது புதிர்ப்போட்டி மேடையில் அமர்ந்திருப்பார்கள், அல்லது மேடையில் இருந்த தோழனுக்காகக் கீழே அமர்ந்து கை தட்டியிருப்பார்கள். தமிழகத்தார் வினாடி வினா என்று சொல்வதை நாம் புதிர்ப்போட்டி என்கிறோம். திருக்குறள், சமயம், அறிவியல், நாட்டு வரலாறு என்று தலைப்புக்கொரு போட்டி நடந்தாலும், ஆறாம் ஆண்டில் கோப்பை வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். பாடச்சுமைதான் காரணம் என்று பெற்றோர் சொல்வார்கள். பல ஆண்டுகள் ஆடிவிட்டு இப்போது செந்தூலில் வார இறுதியில் சில மாணவர்களைப் பழக்கும் நான் கண்டது வேறு. மனப்பாடம் செய்த ஐந்நூறு விடைகள் தீர்ந்ததும் அடுத்து என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு வினா எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அவர்களுக்கு யாரும் திறந்து காட்டியதில்லை.

பணத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிர்ப்போட்டியில் வென்றே வீட்டுக்கடன் கட்டியவர் எவரையும் நான் இந்த நகரத்தில் சந்தித்ததில்லை. வினா எழுதுவதிலும் நிகழ்ச்சி நடத்துவதிலும் சிறிது வருமானம் உண்டு. ஆகவே இந்த வழிகாட்டியில் ‘வளர்ச்சி’ என்று நான் குறிப்பிடுவது, பத்து வயதில் தொடங்கி ஐம்பது வயதிலும் ஆடக்கூடிய ஒரு திறனைப் படிப்படியாகச் சேர்ப்பதைத்தான்.

படி 1: எந்த ஆட்டம் ஆடுகிறீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்

எல்லாப் புதிர்ப்போட்டியும் ஒன்றல்ல. நம் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் நடப்பது பெரும்பாலும் ஒற்றை வரி வினா: நினைவும் வேகமும் இருந்தால் போதும்.

இரண்டாவது வகை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடப்படும் குவிஸ் பௌல். 1953-இல் அங்கு வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய காலேஜ் பௌல் இதன் மூதாதை; 1962-இல் பிரிட்டனில் தொடங்கிய யூனிவர்சிட்டி சேலஞ்ச் அதன் உறவு. இதில் ஒரு வினா பல வாக்கியங்கள் நீளும். மிகக் கடினமான குறிப்பு முதலிலும் மிக எளிதான குறிப்பு கடைசியிலும் வரும். வாசிப்பு முடிவதற்குள் யார் வேண்டுமானாலும் பஸ்ஸரை அமுக்கலாம். சரியான விடைக்கு 10 புள்ளி. குறுக்கிட்டுத் தவறாகச் சொன்னால் 5 புள்ளி கழியும். சரியாகச் சொன்ன அணிக்கு மூன்று பகுதிகள் கொண்ட போனஸ் வினா கிடைக்கும். கூம்பு போல் மேலே குறுகிக் கீழே விரிவதால் இதைக் கூம்பு வினா என்றே என் மாணவர்களிடம் சொல்கிறேன்.

மூன்றாவது, இந்திய நகரங்களில் வளர்ந்த முறை. 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்திய பொதுப் போட்டியிலிருந்து அதன் வரலாற்றைச் சொல்வார்கள். முதலில் எழுத்துச் சுற்று, பிறகு ஆறு அல்லது எட்டு அணிகளுக்கு மேடை. அங்கே விடை தெரிந்திருப்பதைக் காட்டிலும் கொடுத்த குறிப்புகளிலிருந்து விடையை ஊகித்து எட்டுவதற்கே மதிப்பு. நான்காவது வகை முழுக்க எழுத்து: 2003-இல் தொடங்கிய உலகப் புதிர்ப்போட்டிச் சாம்பியன்ஷிப் அவ்வாறானது; அதை நான் படி 7-இல் விளக்குகிறேன்.

ஒரு வகையில் கெட்டிக்காரராக இருப்பவர் மற்றொன்றில் திணறுவது இயல்பு. இருந்தாலும் எதில் தொடங்குவது என்று கேட்டால், கூம்பு வினாவில் தொடங்குங்கள் என்பேன். மற்ற மூன்றுக்கும் தேவையான பழக்கங்களை அதுவே கொடுத்துவிடும்.

படி 2: கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதியவர்கள் எல்லோரும் வேகமாக அமுக்கவே பழகுகிறார்கள். எதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் அமுக்கினால் அந்த வேகம் எதிரணிக்குத்தான் உதவும். இதை நான் விலை கொடுத்துக் கற்றேன். பல்கலைக்கழக நாளில் ஒரு போட்டியில் வாசிக்கப்பட்ட வினா ஏறக்குறைய இப்படி இருந்தது:

“இவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காததால், இவருடைய சிலைக்கு மகனின் முகச்சாயலே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அந்த மகன் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தைத் திட்டமிட்டவர். 1794-இல் மலேரியாவால் இறந்த இவர், 1786-இல் ஒரு தீவில் இறங்கி அதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டார். பினாங்கின் ஜார்ஜ் டவுனை நிறுவிய இந்தக் கப்பல் தலைவர் யார்?”

‘அடிலெய்டு’ என்ற சொல் காதில் விழுந்ததும் அமுக்கினேன். “வில்லியம் லைட்” என்றேன். செய்தி சரி, அடிலெய்டைத் திட்டமிட்டவர் அவர்தான். ஆனால் கேட்கப்பட்டவர் அவருடைய தந்தை பிரான்சிஸ் லைட். 5 புள்ளி கழிந்தது, எதிரணி முழு வினாவையும் கேட்டு 10 புள்ளி எடுத்தது, ஆட்டத்தை 5 புள்ளி வேறுபாட்டில் தோற்றோம். அன்று மாலை மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது என் அணித்தலைவர் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதன்பின் நான் கைக்கொண்ட பழக்கம் இது: வினா தொடங்கியதும் சுட்டுச்சொல்லைப் பிடித்துக்கொள்வது. ‘இவர்’, ‘இந்நகரம்’, ‘இத்தனிமம்’ என்று வரும் சொல்தான் விடையின் முகவரி. அதைத் தாளில் ஒரே எழுத்தில் குறித்துக்கொண்டு, வரும் குறிப்பு அந்த முகவரியைப் பற்றியதா, அதன் உறவினரைப் பற்றியதா என்று ஒரு கணம் சரிபார்த்த பிறகே விரல் இறங்க வேண்டும்.

தமிழில் ஆடுபவர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மலாயிலும் ஆங்கிலத்திலும் வினாச்சொல் வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடலாம். தமிழில் அது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். “மலேசியாவின் தலைநகரம் கோலாலம்பூர், அதன் நிர்வாகத் தலைநகரம் எது?” என்ற வினாவில் நான்கு சொல்லுக்குள் அமுக்கிய பிள்ளையை மேடைக்கு மேடை பார்க்கலாம். “முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது; இரண்டாவது எங்கே நடந்தது?” என்பதும் அதே கண்ணிதான், விடை சென்னை, 1968. ஒற்றை வரித் தமிழ் வினாவில் பயனிலை நெருங்கும்வரை காத்திருப்பதே நல்லது. கூம்பு வினாவில் மட்டும் சுட்டுச்சொல் முன்னதாகவே வந்துவிடுவதால் துணியலாம்.

வீட்டில் பழகுவதற்குப் பஸ்ஸர் கருவி தேவையில்லை. காலியான மைலோ டின்னும் ஒரு கரண்டியும் போதும். முதலில் அமுக்கியவரைத் தவிர மற்றவர்களின் பொத்தான்களைப் பூட்டிவிடும் கருவியைப் போட்டி நெருங்கும்போது யாரிடமாவது இரவல் வாங்கி இரண்டு வாரம் பழகினால் கை பழகிவிடும்.

படி 3: ஒவ்வொரு விடைக்கும் மூன்று பெயர்

நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு; அதுவே நம் பலமாகவும் ஆகலாம். தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்ற செய்தியை இடைநிலைப்பள்ளியில் மலாயில் கேட்பார்கள், அனைத்துலகப் போட்டியில் ஆங்கிலத்தில் கேட்பார்கள். எகிப்தின் பிரமிடுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய ஒரு மாணவி, ‘மெசிர்’ என்ற மலாய்ப் பெயரைக் கேட்டு ஏதோ அறியாத நாடென்று எண்ணிக் கையை எடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். கிரேக்கம் மலாயில் ‘யுனானி’, நெதர்லாந்து ‘பெலண்டா’, பிரான்ஸ் ‘பெராஞ்சிஸ்’. சாக்கடலை ‘லாவுட் மாத்தி’ என்று கேட்டால் தடுமாறாதவர் குறைவு.

மறுபக்கம் பாருங்கள். சோடியத்தின் குறியீடு ஏன் ‘என்ஏ’ என்று ஆங்கிலத்தில் படித்த மாணவர் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். மலாய்ப் பாடநூலில் அதன் பெயரே ‘நாட்ரியம்’. பொட்டாசியம் ‘காலியம்’, ஈயம் ‘பிளம்பம்’, வெள்ளீயம் ‘ஸ்டானம்’, செம்பு ‘குப்ரம்’, வெள்ளி ‘அர்ஜெந்தம்’. லத்தீன் பெயர்களை மலாய் அப்படியே வைத்துக்கொண்டதால், தனிமக் குறியீட்டு வினாக்களில் நம் நாட்டு மாணவர்கள் கேட்ட மாத்திரத்தில் அமுக்க முடியும்.

ஆகவே குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகப் பிரித்து, ஒரே செய்தியின் தமிழ், மலாய், ஆங்கிலப் பெயர்களை அடுத்தடுத்து எழுதுங்கள். நான்காவதாக ஒரு குறுகிய பத்தி விட்டு, அந்தச் செய்தியை முதலில் எங்கே தவறவிட்டீர்கள் என்று தேதியோடு குறியுங்கள். என் மாணவர்கள் அந்தப் பத்தியை வெறுக்கிறார்கள், ஆனால் போட்டிக்கு முந்தைய இரவில் வேறு எதையும் படிக்காமல் அதை மட்டும்தான் புரட்டுகிறார்கள்.

படி 4: எதைப் படிப்பது, எப்படி மறக்காமல் இருப்பது

‘பொது அறிவு’ என்று எல்லையில்லாமல் படிப்பது கடலை அளப்பதற்கு ஒப்பு. போட்டிகளுக்கு ஒரு பங்கீடு உண்டு. 1991-இல் அமெரிக்காவில் தோன்றிய, குவிஸ் பௌல் போட்டிகளுக்கு வினாத்தொகுப்பு தயாரிக்கும் ஏசிஎஃப் அமைப்பின் வழக்கமான தொகுப்பில், போனஸ் தவிர்த்து இருபது முதன்மை வினாக்கள் இருக்கும்: இலக்கியம் 4, வரலாறு 4, அறிவியல் 4, கலைகள் 3, சமயம், தொன்மம், மெய்யியல், சமூக அறிவியல் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, புவியியலும் நாட்டு நடப்பும் உள்ளிட்ட எஞ்சியவற்றுக்கு ஒன்று. நம்மவர்கள் அறிவியலையும் புவியியலையும் கட்டிக்கொண்டு ஓவியத்தையும் மேற்கத்திய இசையையும் தொடாமல் விடுவதால் எத்தனை புள்ளிகள் போகின்றன என்று இந்தப் பங்கீட்டைப் பார்த்தாலே தெரியும். பழைய வினாத்தொகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கியூபி ரீடர் போன்ற தளங்களில் வினா சொல் சொல்லாக விரிவதைப் பார்த்தபடி தனியாகவே அமுக்கிப் பழகலாம்.

மறதிக்கு மருந்து பழையது. ஜெர்மானியரான எர்மான் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதி எந்த வேகத்தில் நிகழ்கிறது என்பதை அளந்து 1885-இல் வெளியிட்டார். கற்ற கையோடு மறதி மிக விரைவாக இறங்கும், பிறகு மெதுவாகும். எனவே ஒரே நாளில் பத்து முறை படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கும். அன்கி என்ற இலவசக் கணினிச் செயலி இந்த இடைவெளியைத் தானே கணக்கிட்டு அட்டைகளைக் காட்டும். நாளொன்றுக்குப் புதிய அட்டை பத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆசையில் ஐம்பது சேர்ப்பவர்கள் மூன்றாம் வாரம் முந்நூறு அட்டை பாக்கியைக் கண்டு செயலியையே அழித்துவிடுகிறார்கள். அட்டையைப் பிறரிடம் வாங்காமல் நீங்களே எழுதினால் பாதி வேலை எழுதும்போதே முடிந்துவிடும்.

நூலகத்துக்குப் போவதையும் விடாதீர்கள். துன் ரசாக் சாலையிலுள்ள தேசிய நூலகமும் மெர்டேக்கா சதுக்கத்தருகே உள்ள கோலாலம்பூர் நூலகமும் நாள் முழுவதும் அமர்ந்து படிக்க ஏற்றவை. தமிழில் படிக்க விரும்புவோருக்குப் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் இன்றும் ஒரு புதையல். ஆனால் வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் மட்டும் அதை நம்புங்கள். புளூட்டோவை 2006-இல் கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதோ, 1963-இல் மலேசியா என்றொரு நாடு உருவாகும் என்பதோ, அதன் முதல் தொகுதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

படி 5: வினா எழுதத் தொடங்குங்கள்

வினா எழுதுவது ஆடி ஓய்ந்தவர்களின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதைப் படிவம் 4-இலேயே தொடங்கிவைக்கிறேன். சமையல்கட்டுக்குள் போகாமல் பரிமாறியதை மட்டும் சாப்பிட்டவருக்கு எதில் உப்பு குறைவு என்று தெரியுமே தவிர, ஏன் குறைந்தது என்று தெரியாது.

ஒரு மாணவர் எழுதி வந்த வினா: “முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய பாதிரியார் யார்?” விடை தனிநாயகம் அடிகள். தெரிந்தவர் அனைவரும் ஒரே நொடியில் அமுக்குவார்கள்; ஆழமாகப் படித்தவருக்கும் மேலோட்டமாகப் படித்தவருக்கும் வேறுபாடு தெரியாது. இதையே கடைசி வரியாக வைத்துக்கொண்டு மேல்நோக்கி ஏறச் சொன்னேன். மூன்று வாரத்தில் அவர் கொண்டுவந்தது:

“அந்தாவ் டி புரோயென்சா தொகுத்து 1679-இல் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதியை இவர் 1966-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். 1952-இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கிய இவர், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1964-இல் புதுதில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றக் காரணமாக இருந்து, 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய இந்தக் கத்தோலிக்கத் துறவி யார்?”

இடையில் அவர் எழுதி நான் அடித்த வரி ஒன்று: “யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்த தமிழறிஞர் இவர்.” உண்மைதான், ஆனால் அந்த வரி நூறு பேருக்குப் பொருந்தும். ஒரு குறிப்பு வினாவில் இடம்பெற வேண்டுமானால் அது விடைக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும், யாராவது ஒருவர் அதைப் படித்திருக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பிறந்த தேதி முதல் நிபந்தனையை நிறைவேற்றும், இரண்டாவதை நிறைவேற்றாது. எவரும் பிறந்த தேதியைப் படித்து ஒருவரை அறிந்துகொள்வதில்லை.

இப்படி இருபது வினா எழுதியவருக்கு ஒரு மாற்றம் நிகழும். ஒரு நூலைப் படிக்கும்போதே எந்த வரி முதல் குறிப்பாகும், எது கடைசிக் குறிப்பாகும் என்று கண் பிரிக்கத் தொடங்கிவிடும். பிறர் எழுதிய வினாவைக் கேட்கும்போது, எழுதியவர் அடுத்து எங்கே போவார் என்பதும் பிடிபடும்.

படி 6: அணியும் சான்றிதழும்

நால்வர் அணியில் நால்வரும் எல்லாவற்றையும் படிப்பது வீண். ஒருவர் அறிவியல், ஒருவர் வரலாறும் புவியியலும், ஒருவர் இலக்கியமும் தொன்மமும், ஒருவர் கலைகளும் மெய்யியலும் என்று பிரித்துக்கொண்டு, அதன்பின் ஒவ்வொருவரும் இரண்டாவது துறை ஒன்றில் துணையாக இருக்க வேண்டும். நன்றாகப் பேசுபவரைவிட நன்றாகக் கேட்பவரை அணித்தலைவராக்குங்கள். போனஸ் வினாவில் மெல்லிய குரலில் சொல்லப்படும் சரியான விடை, உரத்த குரலில் சொல்லப்படும் தவறான விடைக்கு அடியில் அடிக்கடி புதைந்துபோகிறது.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு வேர்ல்ட் ஸ்காலர்ஸ் கப் நல்ல வாய்ப்பு. 2006-இல் தொடங்கிய இப்போட்டியில் மூவர் அணியாகச் சென்று விவாதம், கூட்டாக எழுதுதல், பல்தேர்வு வினாத்தாள், அரங்கில் அணிப் புதிர் ஆகிய நான்கையும் சந்திக்க வேண்டும். அதன் உலகச் சுற்று கோலாலம்பூரிலேயே நடந்ததும் உண்டு. கட்டணம் குறைவில்லை என்பதால் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சான்றிதழ்களை அலட்சியப்படுத்தாதீர்கள். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். ஆகிய பள்ளி இறுதித் தேர்வுகளை முடித்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியது. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம், அனைத்துலகம் என்று நிலை உயர உயரப் புள்ளியும் உயரும். போட்டி எந்த நிலையைச் சேர்ந்தது என்று சான்றிதழில் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பிறகு அலைந்து திருத்தம் வாங்குவது பெரும்பாடு.

படி 7: பள்ளிக்குப் பிறகு

உலகப் புதிர்ப்போட்டிச் சாம்பியன்ஷிப்பில் தனியாளாக அமர்ந்து, எட்டுப் பிரிவுகளில் 240 வினாக்களுக்கு இரண்டு மணி நேரத்தில் விடை எழுத வேண்டும். மிகக் குறைவாக எடுத்த பிரிவு கணக்கிலிருந்து நீக்கப்படும். விளையாட்டுத்துறைப் பிரிவில் ஒன்றுமே தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு இந்த விதி ஒரு வரம். 2003-இல் முதல் பட்டம் வென்ற பிரிட்டன்காரர் ஓலாவ் பியோர்டோம்ட், 2015-இல் மீண்டும் வென்றார். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். மாலையில் வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் இந்த ஆட்டத்தில் நாற்பது வயது ஒரு தடையே இல்லை. விரல் வேகம் குறைந்தாலும், எழுத்துப் போட்டியில் அது கணக்கில் வராது.

படி 8: வாசிப்பவராக அமரும்போது

ஒருநாள் உங்களையே வினா வாசிக்க அழைப்பார்கள். எல்லா அயற்பெயர்களின் உச்சரிப்பையும் முந்தைய நாளே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது அமுக்கிய கணத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிர்ப்புத் தெரிவிக்கும் அணியின் வாதத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள், ஆட்ட முடிவை அது மாற்றுமானால் மட்டும் இறுதியில் தீர்த்துக்கொள்ளலாம்.

முக்கியமானது விடைத்தாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில், உப்பிலுள்ள உலோகம் எது என்ற வினாவுக்கு என் மாணவர் ஒருவர் “நாட்ரியம்” என்றார். நடத்துநரின் தாளில் ‘சோடியம்’ என்று மட்டும் இருந்தது. தவறு என்று அறிவித்துவிட்டார். இடைவேளையில் தனிம அட்டவணையைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினோம். புள்ளி திரும்பி வரவில்லை. என் விடைத்தாள்களில் இப்போது ஒவ்வொரு வரியும் இவ்வாறு இருக்கிறது: “விடை: சோடியம். ‘நாட்ரியம்’ என்றாலும் ஏற்கவும். ‘உப்பு’ என்று மட்டும் சொன்னால், இன்னும் தெளிவாகச் சொல்லும்படி ஒருமுறை கேட்கவும்.”